பதினாறாம் பக்கம்

அக்காவை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலின் மரப்பெஞ்சில் கிடத்தி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். தலைமாட்டில் தம்பி, சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன். தேர்க்கூட்டத்தில் நின்றவனை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முந்நூறாவது படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றார் பந்தல்காரர். மூன்று தடவை டம்ளரை நீட்டினாராம். விரதம் என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டாளாம். இந்தக் கோயிலில் தண்ணீர் வேண்டாம் என்ற ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று அவர் இரண்டாம் முறையும் சொன்னார். விரதம் என்ற அந்த ஒரு சொல்லிலேயே தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தக் கோயிலே தண்ணீரால் வந்த கோயில். கல் உடைக்கிறவர்களுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த ஒருத்தியிடம், சுவாமி கிழவன் வேஷத்தில் வந்து ஒரு வாய் கேட்டாராம். இருந்த கடைசிக் குடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, வேலையாட்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் அழுத இடத்தில் சுனை பிறந்ததாம். அதனால் தேரன்று மலையேறுகிறவர் யாராயிருந்தாலும் பாதி வழியில் ஒரு கை சுனைத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். இதையெல்லாம் தல வரலாறு என்று புத்தகமாக அடித்துக் கொடுத்தவன் அவன்தான். பதினைந்தரைப் பக்கம் சரியாகத்தான் இருந்தது.

மிச்சம் அரைப் பக்கம். வெறுமனே விடாதீர்கள், எதையாவது போட்டு நிரப்புங்கள் என்று கோயில் எழுத்தர் சொல்லிவிட்டார். அவனுக்குச் சாப்பாட்டு நேரம், நல்ல பசி. தேரன்று ஒரு சொட்டு நீரும் அருந்தாமல் நானூற்றுப் பன்னிரண்டு படிகளையும் ஏறுவோர் எண்ணியது ஈடேறும் என்பது ஐதீகம் என்று தட்டினான். ஐதீகம் என்று போட்டுவிட்டால் யார் சொன்னது என்று எவரும் கேட்பதில்லை. தாகத்துக்குக் கொடுத்தவளின் கோயிலில் தண்ணீர் குடிக்காதே என்று எழுதுகிறோமே என்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. எழுத்தர் படித்துப் பார்க்காமலே சரி என்றார்.

படித்தது அக்காதான். போன மாதம் அச்சகத்துக்கு வந்தவள் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "டேய், இது நிஜமாடா? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள். புத்தகத்திலேயே போட்டிருக்கு, அப்புறம் என்ன என்றான். அக்காவை ஏமாற்றிப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்கு விளையாட்டு. அவள் எப்போதும் நம்புவாள், அதுதான் வேடிக்கை. அவன் மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அக்காவுக்கு வேறென்ன வேண்டுதல் இருந்திருக்கும்? அவளைக் கொன்றது வெயில் என்று ஊர் சொல்லும். அவனுக்குத் தெரியும்.

வீட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். அத்தான் தையல்காரர், அதிகம் பேசாதவர். சுவரோரம் கூனி உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு, தேரன்று, சுவாமி காலடியிலேயே என்றார்கள். கேட்கக் கேட்க அத்தானின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் எதிர்வீட்டு அம்மா, அடுத்த தேருக்குத் தானும் பச்சைத்தண்ணீர் தொடாமல் ஏறப்போவதாகச் சொன்னார். அடுத்த தேருக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே என்று அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்ததை நினைத்தபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாலு மணிக்கு எழுத்தர் மாலையோடு வந்தார். அத்தானிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினார். அத்தான் உள்ளே போய் அக்காவின் படத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்கள். புத்தகம் தீர்ந்துவிட்டதாம், மறுபடியும் இரண்டாயிரம் போட வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில் அக்கா விரதமிருந்து திருவடி சேர்ந்ததையும் படத்தோடு சேர்க்க வேண்டுமாம்.

"நீயே எழுதிடுப்பா. உனக்குத்தான் நல்லா வரும்" என்றார் அத்தான். மத்தியானத்திலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

உண்மையைச் சொன்னால் அந்த மனுஷனுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் இரண்டாயிரம் பிரதி. எதிர்வீட்டு அம்மா வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு விரதமே கிடையாது அத்தான். பக்கம் நிரம்பலைன்னு நானா எழுதினது."

எழுத்தர் சட்டென்று தலையைத் தாழ்த்தி மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பார்க்க ஆரம்பித்தார். அத்தான் அவனையே பார்த்தார்.

"அவ உன்கிட்ட ஒண்ணும் கேட்கலையா?"

"கேட்டா. நிஜம்னு சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அத்தான் எழுத்தரின் கையிலிருந்த படத்தை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் தாகமா இருந்திருக்கும், இல்ல?"

அத்தான் படத்தை, முகம் உள்பக்கம் இருக்கும்படி சட்டைப் பையில் வைத்தார். பை சின்னது. பாதிப் படம் வெளியே நின்றது. அதைக் கையால் மூடிக்கொண்டார்.