முட்டை வந்த பிறகு

"பிள்ளை வேணாம்னு மாத்திரை முழுங்கறாடா உன் பொண்டாட்டி!"

சமையலறையில் கிடைத்த மாத்திரை அட்டையை மாமியார் தூக்கிக் காட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் மகன், வாயிலிருந்த கவளத்தை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான்.

மருமகள் தையல் மெஷினை நிறுத்தினாள். "அத்தை, அது பிள்ளை வேணும்னு போடறது. எனக்குக் கருமுட்டை மாசாமாசம் தானா வெளிய வரலை. இந்த மாத்திரை மூளையைத் தூண்டும். மூளை சினைப்பைக்கு உத்தரவு போடும். முட்டை முத்தி வெளிய வரும்."

"உன் மூளையை நம்பியா என் வம்சம் நிக்குது!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால், ஸ்கேனில் முட்டை வந்திருப்பது தெரிந்ததும் தெரு முழுக்கச் செய்தி சொன்னவள் அவள்தான். மருமகளைக் குடம் தூக்கவிடவில்லை. உரக்கத் தும்மக்கூட விடவில்லை. மாதங்கள் போயின. முட்டை தவறாமல் வந்தது, பிள்ளைதான் வரவில்லை. "ராசி கெட்டவ. வேற பொண்ணு பாத்துடலாம்மா" என்றாள் நாத்தனார், மருமகள் காதுபடவே.

"முட்டை மட்டும் வந்தா போதுமா?" என்றாள் மருமகள். "இவரையும் டெஸ்டுக்கு வரச் சொல்லி டாக்டரம்மா எத்தனை தடவை சொல்லிட்டாங்க!"

"ஆம்பளைக்கு எதுக்குடி டெஸ்டு? அவன் மீசையைப் பாத்தா தெரியல?" என்றாள் மாமியார்.

மருமகள் கணவன் பக்கம் திரும்பினாள். "லைட் எரியலன்னா பல்பை மட்டும் திட்டிட்டு வந்துடுவீங்களா? லைனைப் பாக்க மாட்டீங்களா? நீங்க வர்ற வரைக்கும் நான் மாத்திரையைத் தொடமாட்டேன்."

அவன் வந்தான். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரிக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"இங்க தலையில எதுவும் விழாது சார், கழட்டுங்க" என்றாள் நர்ஸ்.

குறை அவனிடமும் இருந்தது. டாக்டரம்மா அவனுக்கும் மருந்து எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரி விசாரித்ததும் மாமியார் பெருமூச்சு விட்டாள்.

"மருமகளுக்குத்தான் வைத்தியம் நடக்குது. என்ன செய்யறது? என் பிள்ளை தங்கம், பொறுத்துக்கிட்டிருக்கான்."

உள்ளே மருமகள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சத்தம் அடங்கியதும், வாசல்வரை கேட்கும்படி நிதானமாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க... உங்க மாத்திரையைப் போட்டுக்கிட்டீங்களா?"

பின்கட்டிலிருந்து பணிவாகப் பதில் வந்தது.

"போட்டுட்டேன்மா!"