கடைசியில் வருபவருக்கு ஓர் ஆமை

“அப்பா, உங்களை யாருப்பா துரத்துறாங்க?” என்று பல் டாக்டரின் மகள் ஒரு முறை கேட்டாள். அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்த வயது. விடிவதற்குள் எழுந்து, இறுக்கமான கால்சட்டைக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு, அவர் வாசலுக்கும் தெருமுனைக்குமாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. யாரும் துரத்தவில்லை, யாரும் தன்னை முந்திவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? “உடம்புக்கு நல்லதும்மா” என்று சொல்லிவைத்தார்.

ஆண்டுகள் போனதில் தொப்பை கரைந்தது. இருந்த கொஞ்சநஞ்ச அடக்கமும் அதோடு சேர்ந்து கரைந்துவிட்டது. ஓட்டக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். பல் பிடுங்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு, பதில் பேச வழியில்லாமல் படுத்திருக்கும்போது, கடலோரப் பூங்காவில் தான் ஓடிய கதையைக் குறடும் கையுமாக விவரிப்பார். மரத்துப்போகும் ஊசி அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் என்று நோயாளிகள் பேசிக்கொண்டார்கள்.

சங்கம் வருடா வருடம் அந்தப் பூங்காவில் ஓட்டம் நடத்தும். மணல்மேடு ஏறி, அலையாத்திக் காட்டின் பலகைப் பாலம் கடந்து, கடலோரப் பாறைகளைச் சுற்றி வரும் ஒற்றையடிப் பாதை. கடைசியாக வருபவருக்கு மேடையில் ஒரு துணி ஆமையைக் கொடுத்து, படம் எடுத்து, சங்கத்துச் சுவரில் மாட்டிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் டாக்டர்தான். “சோம்பேறிங்களுக்கு ரோஷம் வரணும்ல?” என்றார். போன வருடம் ஆமை வாங்கிய தையற்காரம்மா அதன்பின் ஓட வரவே இல்லை. அதையும் டாக்டர் ரோஷத்தில்தான் சேர்த்தார்.

ஓட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வர வேண்டும். வழிகாட்டுவதற்காகக் கிளைகளில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவது அவர் வேலை. கடற்பறவைகள் இரையென்று விழுங்கிவிடும் என்பதால், ஒரு ரிப்பன் மிஞ்சினாலும் அடுத்த வருடம் அனுமதி கிடையாது என்று பூங்காக் காவலர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வேலைக்குக் கைதூக்கியவன் டாக்டரின் மச்சினன் ஒருவன்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பூசணிக்காய் உடம்பு.

“உனக்கேத்த வேலைதான் மாப்ள. வழியில தூங்கிடாதே.”

“தூங்கினா நீங்க ரெண்டாவது சுத்து வந்து எழுப்புங்க அத்தான்.”

ஓட்டத்தன்று டாக்டர் புத்தம்புது ஷூ மாட்டிக்கொண்டு வந்தார். புதுச் செருப்பு கடிக்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். விலை கூடினால் ஷூ கொஞ்சும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய மனிதரைப் பல்லில்லாத ஷூ கடித்துக் குதறியது. மணல்மேட்டை மானாக ஏறியவர், பாலத்தில் நொண்டி, பாறைமேல் உட்கார்ந்தேவிட்டார்.

“என்ன டாக்டர், ஏதாவது உதவி?” என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராகக் கடந்தார்கள்.

“ஒண்ணுமில்ல, கடலை ரசிக்கிறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு ரசித்தார். ரசித்து முடிப்பதற்குள் கூட்டம் முழுவதும் போய்விட்டது. பின்னால் சாக்கோடு மச்சினன் வந்தான்.

“அத்தான்! நீங்களா?”

“நீ முன்னால போயேன்டா.”

“நான் எப்படிப் போறது? உங்களுக்குப் பின்னால ஒரு ஈ, காக்கா இல்லையே.”

டாக்டருக்கு அப்போதுதான் ஆமை கண்முன் வந்தது. மேடை, படம், சுவர், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சிரிக்கப்போகும் வாய்கள். அதில் பாதி வாய்களுக்கு வைத்தியம் பார்த்தவரே அவர்தான். கண் கலங்கியது. “மணல் விழுந்துடுச்சு” என்றார்.

மச்சினன் சிரித்திருக்கலாம். வருடக்கணக்காக வாங்கிய கேலிக்கு அன்று வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான், தன் கைக்குட்டையைக் குதிகாலில் கட்டினான், தோள் கொடுத்தான். ஒரு கை அத்தானைத் தாங்க, மறு கை சாக்கையும் ஷூவையும் தூக்க, ரிப்பன் அவிழ்க்கக் கை மிச்சமில்லை.

“ரிப்பனெல்லாம் விட்டுப்போகுதே அத்தான்.”

“இங்க என் மானம் போகுது, உனக்கு ரிப்பன் கேட்குதா?”

கடைசித் திருப்பத்தில் மச்சினன் ஷூவை அத்தான் காலில் மறுபடி மாட்டிவிட்டான். கூட்டம் கண்ணில் பட்டதும் திடீரென்று நொண்டினான். “கால் சுளுக்கிடுச்சுங்க!” என்று கத்தினான். “போன் பண்ணேன். முன்னால போன மனுஷன் பாறையிலேயே எனக்காகக் காத்திருந்து கூட்டிட்டு வந்தாரு!”

“அதானே! கடலை ரசிக்கிறேன்னாரே, நமக்குப் புரியலையே!” என்று ஒருவர் நெகிழ்ந்துபோனார்.

ஆமைக்கு மச்சினனே கை நீட்டினான். அதைக் கட்டிப்பிடித்துப் படத்துக்கு நின்றான். மேடை ஏறும்போது வலது கால் நொண்டியது. இறங்கும்போது இடது கால். டாக்டரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. டாக்டர் மறுத்தாரா? மைக்கை வாங்கி, “விழுந்தவனைத் தூக்கிவிடுறதுதான் உண்மையான ஓட்டம்” என்று பேசினார். கைதட்டல் அடங்க நேரமானது. பொய் பாவம்தான். ஆனால் பிறர் மானத்துக்காகப் பொய் சொன்னவனையும், அதை மைக்கில் மென்று தின்றவரையும் இறைவன் ஒரே தராசில் நிறுக்க மாட்டார்.

வீட்டில் மனைவி குதிகாலுக்கு மருந்து போட்டாள்.

“தம்பிக்குப் போன் பண்ணி, கால் எப்படிடா இருக்குன்னு கேட்டேன். ‘எந்தக் கால்?’ங்கிறான்.”

டாக்டர் பஞ்சை வாங்கித் தானே ஒற்றிக்கொண்டார்.

“நாளைக்கு வேலை முடிஞ்சு பூங்காவுக்குப் போகணுமாம். ரிப்பன் விட்டுப்போச்சுன்னு காவலர்கிட்ட கெஞ்சி ஒரு நாள் கேட்டிருக்கான். நொண்டிக்கிட்டு அவன் எதுக்குங்க போகணும்?”

“பார்க்கலாம்” என்றார் டாக்டர்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், ரப்பர் செருப்போடு அவர் அந்தப் பாறையருகே நின்றார். அங்கிருந்து பூங்கா வாசல்வரை கிளைக்குக் கிளை ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. பனியில் முடிச்சுகள் இறுகியிருந்தன. ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி அவிழ்த்தார். ஒன்று முட்புதருக்குள் விழுந்திருந்தது; மண்டியிட்டுத் தவழ்ந்து எடுத்தார். வழியில் ஒரு முறை கைபேசியை எடுத்து, ரிப்பன் கற்றையோடு தன்னைப் படம் பிடிக்கத் தூக்கினார். பிறகு படம் எடுக்காமலே பைக்குள் வைத்தார்.

காவலர் இன்னும் வரவில்லை. அவருடைய கொட்டகைக்குப் பின்னால் மச்சினனின் சாக்கு ஆணியில் தொங்கியது. டாக்டர் ரிப்பன்களை அதில் திணித்து, வாயைச் சுருக்கிக் கட்டினார். பிறகு நொண்டி நொண்டி வாசலைப் பார்த்து நடந்தார்.