ரேக்கின் மேல் எத்தனை பேர்

1

இந்தக் கதை முழுக்க என் சொந்தச் சரக்கில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மலேசியாவில், சுங்கை பட்டாணியில் டயர் மாற்றப் போன கடையில், காத்திருந்தபோது காதில் விழுந்தது. விழுந்தது ஒரே ஒரு கேள்விதான். கடைக்கார அலன் ஒருவரிடம் கேட்டான்: “அண்ணே, மேல எத்தன பேரு படுப்பீங்க?” அந்த மனிதர் பதில் சொல்லாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

அவருக்குச் சிவநேசன் என்று பெயர் வைத்தேன். வயது ஐம்பத்தாறு. கூலிமில் தொழிற்சாலை சூப்பர்வைசர், வீடு சுங்கை லாலாங்கில். மனைவி பிரேமாவதி கிளினிக்கில் பதிவு எழுதுகிறவர். வாசலில் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி. [வண்டியை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். சேறு அப்படியே இருந்தது.]

2

முதல் தொடக்கம்: “செம்பனைக் காட்டின் மீது சூரியன் —”

வேண்டாம். வண்டிக் கூரைமேல் கூடாரம் போட ரேக் வாங்கப் போகிறவர் சூரியனையா பார்ப்பார்?

இரண்டாவது: சிவநேசனுக்கு மூன்று ரேக்குகளும் பிடித்திருந்தன. இது பரவாயில்லை, இப்படியே போவோம்.

ஒன்று, கூரைக்குக் குறுக்கே இரண்டு கம்பி மட்டும். ஒற்றை ஆள் கூடாரத்தைத் தாங்கும். இன்னொன்று சுற்றிலும் விளிம்பு வைத்தது. மூட்டைமுடிச்சுக்கு நல்லது, கூடாரம் சரியாக உட்காராது. மூன்றாவது, கூரை முழுக்கப் படியும் தட்டை ரேக். அதன்மேல் பெரிய கூடாரம் விரித்து இரண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டலாம்.

“தனியா போறீங்கன்னா கம்பியே போதும்ணே,” என்றான் அலன். “அண்ணியும் வர்றாங்கன்னா தட்ட ரேக்குதான். ரெண்டு பேரு வெயிட்டும் சொல்லுங்க, தாங்குமான்னு நான் கிரா பண்ணி, கணக்குப் போட்டுப் பாக்கணும்.”

இருபத்தெட்டு வருடமாகச் சிவநேசன் பெடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார், எப்போதும் கூட்டாளிகளோடு. ஏரியில் விடிவதைப் பிரேமா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது போன மாதம்தான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் பொறுக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் ‘நீயும் வாயேன்’ என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்டு, மாட்டேன் என்றுவிட்டால்? அந்தப் பயம்தான் அவரைக் கடைக்கு வெளியே நிறுத்தியது.

3

பிரேமாவதி வருவாரா என்று எனக்கும் சந்தேகம். முதல் பிரதியில் அவரை மூக்கைச் சிந்த வைத்தேன். “இத்தன வருஷமா என்ன இந்த வீட்டுல —” என்று நீளமான வசனம் ஒன்று. அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கணவர் ஏரிக்குப் போன சனி ஞாயிறுகளில் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, நிம்மதியாகச் சீரியல் பார்த்தவர்.

சிவநேசனுக்கு அதுதான் தொல்லை. நிம்மதியாக இருக்கிற மனுஷியை எந்த முகத்தோடு கொசுக்கடிக்குக் கூப்பிடுவது?

4

‘நீயும் வர்றியா?’ என்று மூன்று பிரதிகளில் அவரைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். மனிதர் வாயில் கொழுக்கட்டை. நான்காவதில், சாப்பாட்டு மேசையில், தானாகவே வாயைத் திறந்தார்.

“பிரேமா, உன் வெயிட்டு எவ்வளவு?”

[சத்தியமாக இதை நான் எழுதவில்லை.]

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பிரேமாவதியின் கை நின்றது. “எதுக்கு? நிறுத்து விக்கப் போறீங்களா?”

“ரேக்குக்கு. அலன் கேட்டான்.”

“ரேக்குக்கு எதுக்கு என் வெயிட்டு?”

சிவநேசன், பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். “ரெண்டு பேரு படுக்கற மாதிரி ஒண்ணு இருக்கு,” என்றார், தட்டைப் பார்த்தபடி.

பிரேமாவதி மீதி ரசத்தை ஊற்றி முடித்தார்.

“அங்க பாத்ரூம் இருக்கா?”

“இருக்கு. கொஞ்சம் நடக்கணும்.”

“எவ்ளோ கொஞ்சம்?”

“நான் கூட வர்றேன்லா.”

“மொதல்ல சாப்புடுங்க. ஆறிப் போவுது.”

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

5

முடிவுகள்.

(அ) பிரேமாவதி மறுத்துவிடுகிறார்; சிவநேசன் கம்பி ரேக்கோடு தனியாகப் போகிறார். எழுத மனசு கேட்கவில்லை.

(ஆ) ஏரிக்கரையில் இருவரும் கைகோத்தபடி — காலண்டர் படம். கிழித்தாயிற்று.

(இ) மறுநாள் பகல் பதினொரு மணிக்குச் சிவநேசனின் வாட்சாப்பில் ஒரு எண் வந்தது. கிளினிக்கில் நோயாளிகளை நிறுக்கும் தராசில் ஏறி, பிரேமாவதி தானே பார்த்து அனுப்பியது. முன்னும் பின்னும் ஒரு வார்த்தை இல்லை. சிவநேசன் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். சூப்பர்வைசர் என்பதை மறந்து, இயந்திரங்களுக்கு நடுவே நின்று தனக்குத்தானே சிரித்தார்.

அந்த எண்ணை உங்களுக்குச் சொல்வதாக இல்லை. அலனிடம் சிவநேசனும் சொல்லவில்லை.

“தட்ட ரேக்கே போடு, தம்பி.”

“வெயிட்டுண்ணே? கிரா பண்ணணும்லா.”

“எப்படிப் பண்றதுன்னு சொல்லு. நானே போட்டுப் பாத்துக்கறேன்.”

ரேக் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். மழை பிடித்ததா, பிரேமாவதிக்குத் தூக்கம் வந்ததா, விடிந்ததும் என்ன சொன்னார் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கீழே நின்றுதான் எழுத வேண்டும். மேலே இரண்டு பேருக்குத்தான் இடம்.