உலையடியில் இருந்தவன்

வார்ப்பாலையில் ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் உலைக்கு நிற்பதைத் தொழிலாளிகள் தப்பாக நினைப்பதில்லை, உபகாரம் என்பார்கள். முகமூடிக் கண்ணாடியை இறக்கிவிட்டால் பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியாது. அன்று காலை தம்பி காய்ச்சல் என்றான். தனிக்கட்டை, முந்தின நாள் குடித்தது இறங்கவில்லை. அண்ணன் தன் ஓய்வுநாளை விட்டுவிட்டு, தம்பியின் கவசத்தை மாட்டிக்கொண்டு, தம்பி பேரில் இரும்புக் குழம்பு ஊற்றினான்.

அதே நேரத்தில் சந்தையில் ஒருவன் மண்டை உடைந்தது. அவனுக்கும் அண்ணனுக்கும் பழைய வாய்த்தகராறு. உடைத்தது அண்ணன்தான் என்று இரண்டு பேர் கைகாட்டினார்கள். போலீசுக்கு அது போதும்.

அண்ணனுக்காக வாதாடும் வக்கீலம்மா தம்பியை வரவழைத்தாள்.

"இதுக்குப் பேரு அலிபி. லத்தீன் சொல்லு. 'வேறொரு இடத்தில்'னு அர்த்தம், அவ்வளவுதான். அந்தக் காலத்து வழக்குல, இவன் அலிபி இருந்தான்னு பேசுவாங்க. போகப்போக அந்த வாதத்துக்கே அது பேராயிடுச்சு. இப்ப சும்மா சாக்கு சொன்னாக்கூட அலிபிங்கறாங்க."

"அப்ப எங்க ஆலையில பாதிப் பேரு அலிபிதாம்மா."

அவள் சிரிக்கவில்லை. "உன் இடத்துல அண்ணன் நின்னாருன்னு சொல்லு, போதும்."

சொன்னால் சீட்டு கிழியும். ஆள்மாற்றம் முதலாளி காதுக்குப் போனால் மன்னிப்பு கிடையாது. வெளியே அண்ணி நின்றிருந்தாள்.

"சொல்லிருவீங்கல்ல, தம்பி?"

"நான் சொல்லாம யாரு அண்ணி சொல்லுவா?"

அப்போது சொல்லத்தான் நினைத்திருந்தான். விசாரணையன்று சாட்சிக் கூண்டில் ஏறியதும் ஆலை மேஸ்திரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது.

"அன்னைக்குக் காலையில உலையடியில நின்னது யாரு?"

"நான்தாங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்று வந்திருந்தால்கூடத் தம்பிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணனை உள்ளே போட்ட பிறகு தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீலம்மா வீட்டுப் படியேறினான்.

"வேலை போனாப் போவுதும்மா. நான் வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தேன். மேல்கோர்ட்டுல சொல்றேன்."

"சத்தியம் பண்ணிச் சொன்னதை மாத்துனா யாரு நம்புவா? நீ தூங்கினதைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

யோசித்தான். பார்த்தவன் ஒருவன்தான். நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும், கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு உலைக்குப் போன அண்ணன்.