வரேன் என்றால் திறக்கும் கதவு

பேச்சைக் கேட்டுத் திறக்கிற கதவுப் பூட்டு செய்யும் கம்பெனியில் எனக்குச் சோதனை வேலை. பூட்டுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால், ஊருக்கு அனுப்பும் முன் நான் தட்டிக் கொட்டிப் பார்க்க வேண்டும். இந்த முறை வந்த புதுசு இது: "வரேன்" என்றால் கதவு திறக்கும், "போறேன்" என்றால் பூட்டும். மேனேஜர் எழுதித் தந்த தாளைப் பார்த்து நானூறு தடவை படித்தேன். நானூறும் சரி. அந்த மண்டைக்கனத்தில் முதல் ஆளாக என் வீட்டுக் கதவிலேயே ஏற்றினேன். மற்ற நாலாயிரம் வீடுகளுக்கு மதியம் அனுப்புவதாக ஏற்பாடு.

பதினொரு மணிக்கு மாமியார் போன் செய்தார். நாத்தனாருக்குப் பிரசவ வலியாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்து நிக்குது. இந்தக் கதவு மூட மாட்டேங்குது. வரேன் வரேன்னு எத்தனை வாட்டிதான் சொல்றது? சாத்தினாலும் திரும்பத் திறந்துக்குது. வீட்டைத் திறந்து போட்டுட்டு எப்படிக் கிளம்புவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்பும்போது எந்த மனுஷன் "போறேன்" என்று சொல்வான்? எழுதின மேனேஜருக்கும் புத்தியில்லை, படித்த எனக்கும் இல்லை. நாலாயிரம் வீட்டுக்குப் போகவிருந்ததை நிறுத்தினேன். எங்கள் கதவுக்குப் பழைய மென்பொருளைத் திருப்பி அனுப்பினேன். ஏறி முடிய நாற்பது நிமிடம் என்றது கணினி. குழந்தை அதுவரை காத்திருக்குமா?

"அத்தை, போறேன்னு ஒரு தடவை சொல்லுங்க. பூட்டிக்கும்."

"பொண்ணு வலியில துடிக்கிறா. இந்த நேரத்துல வாசல்ல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்றியா? உனக்கென்ன கிறுக்கா?"

"அப்ப போனைப் பூட்டுகிட்ட வைங்க, நான் சொல்றேன். பூட்டறதுக்கு யார் குரலா இருந்தாலும் போதும்."

ஏழு வருடமாக நான் மடிக்கிற துணியில்கூடக் குறை கண்டுபிடிக்கிற மனுஷி.

"நீயும் சொல்லக்கூடாது," என்றார். "நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடறது?"

"அப்ப யார்தான் அத்தை சொல்றது?"

"உன் மேனேஜர் பக்கத்துல இருக்காரா?"

இருந்தார். விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். மனுஷன் இரண்டு தடவை எச்சில் விழுங்கிவிட்டு, "போறேன்," என்றார். கதவு பூட்டிக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

"நல்லா இருப்பீங்க தம்பி. சரி, வரேன்," என்றார் மாமியார். கதவு திறந்துகொண்டது.

மேனேஜர் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினார். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கிய பத்தாவது நிமிடம் பெண் குழந்தை பிறந்தது.

சாயங்காலம் மேனேஜர் பையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேஜையாக நின்று, "வரேன், நாளைக்குக் கண்டிப்பா வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.