பழைய உயரம்

இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன கருத்தப்பாண்டி, தரையில் கால் ஊன்ற வசதியாகத் தன் மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றை மாட்டியிருந்தார். எழுபத்துநாலாம் வருஷக் கோடையில் மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோனது. மூன்று மாதமாகத் திருச்சுழி வீட்டுத் தொழுவத்தில் கிடந்த வண்டியை அவர் தம்பி காளிராஜ்தான் முதலில் வெளியே எடுத்தான்.

"நேத்து உர மூட்டை வச்சு ஓட்டினேன் மதினி. வண்டித்தடத்துல அடி தட்டுது. பழையபடி உசத்தணும்."

கருத்தப்பாண்டியின் மனைவி சந்தனம்மாள் உள்ளே போய், கணவர் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகளை எடுத்துவந்தாள்.

காளிராஜ் என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்கினான். துருவேறிய நட்டுகள் மண்ணெண்ணெய் விட்ட பிறகே அசைந்தன. வண்டி சாயாமல் அவள் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து கட்டையை உருவியதும் வண்டி முன்னைவிட நாலு விரல் உயர்ந்து நின்றது.

அவள் சீட்டின் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"இனிமே இதுல அவுக ஏற முடியாதுல்ல தம்பி?"

"முடியாது மதினி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினாள். பிணம் கிடந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. கிரீஸ் படிந்த கையைத் துடைக்கவும் தோன்றாமல் காளிராஜ் நின்றான். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போனான்.