கால் ஆடாத இரண்டு நிமிடம்

என் அண்ணன் எடுத்த முதல் படம் சுமார்கூட இல்லை. சொல்கிற தகுதி எனக்கு உண்டு, எடிட்டர் நான்தான். கதையில், பெயின்ட் கடையைப் பார்த்துக்கொள் என்று அப்பா நெருக்க, மகன் ஞானத்தைத் தேடி மலைக்கு ஓடுகிறான். பாறைமேல் பதினோரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். குறைக்கச் சொன்னேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அண்ணன் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் பெயின்ட் கடைதான். படம் வெளிவரும் முன் வீட்டாருக்குப் போட்டுக் காட்டிய பிரிவ்யூவுக்கு அப்பா ஒரு நிபந்தனையோடுதான் வந்தார். படம் தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் அண்ணன் கடையில் உட்கார வேண்டும். அவனும் தலையாட்டித் தொலைத்திருந்தான்.

பிரிவ்யூவில் நான் திரையைப் பார்க்க மாட்டேன். ஓரமாக நின்று, யார் எந்த நிமிடத்தில் நெளிகிறார்கள் என்று நோட்டில் குறிப்பேன். கத்தரி வைக்க வேண்டிய இடம் தானே தெரிந்துவிடும். அன்று அப்பாவின் காலை மட்டும் பார்த்தேன். உட்கார்ந்தால் கால் ஆட்டுகிற மனிதர். பாறைக் காட்சியில் அது தையல் மெஷின் மாதிரி ஓடியது.

விளக்கு எரிந்ததும் சித்தப்பா "பிரமாதம்" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூங்கி எழுந்த கண். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீதான் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுவ."

அண்ணன் தரையைப் பார்த்தான். ஆனாலும் சொன்னேன்.

"படம் நல்லால்லப்பா. ஆனா அதுல வர்ற அப்பா ஒரு நாள் கடைச் சாவிய ஆணியில மாட்டிட்டு, பையத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போறாரு. அப்புறம் திரும்பி வந்து சாவிய எடுத்துக்கறாரு. அந்த ரெண்டு நிமிஷம் மட்டும் உங்க கால் ஆடல."

நோட்டை நீட்டினேன். அப்பா அதைப் பார்க்கவில்லை. அண்ணனைக் கேட்டார்.

"அத எங்கேருந்துடா புடிச்ச?"

"உங்ககிட்டேருந்துதான்பா. அப்ப எனக்கு எட்டு வயசு. கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்."

அப்பா என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினார்.

"எங்க போறதுன்னு எனக்கே தெரியலடா அன்னிக்கு" என்றார். "மலையெல்லாம் வேணாம். அந்த ஆளப் பத்தி எடு."

அன்று மாலையே அந்தப் பாறையை வெட்டி எறிந்தேன். திங்கட்கிழமை காலை ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவே கடைக்குப் போனார்.